ஒரு குதிரை கற்பித்த திரிகரண சுத்தி

மனம், வாக்கு, காயம் ஆகிய மூன்றும் ஒன்றுபட்டு இறைவனைத் தொழ வேண்டும் என்று பெரியோர் சொல்வதை நாம் அனைவரும் சிறு வயது முதல் கேட்டு வருகிறோம். இதனைத் திரிகரண சுத்தி என்பர். உபந்நியாசங்களில் இச்சொல்லை நூறு முறையாவது கேட்டிருப்பேன். ஆயினும் அதன் பொருள் 67-ஆம் வயதில், ஒரு குதிரையின் முன்னிலையில்தான் எனக்கு விளங்கியது. அந்த அனுபவத்தை இவ்விதழின் அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வங்கியில் 36 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். செங்கல்பட்டில், கொளவாய் ஏரிக்கு நடந்தே செல்லக்கூடிய தொலைவில் என் வீடு. என் இல்லாள் காலமாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் சென்னையில் குடும்பத்துடன் இருக்கிறான். எனக்கும் அவனுக்கும் இடையே சண்டை என்று எதுவும் கிடையாது. பேச்சும் அதிகம் கிடையாது. அவள் இருந்த வரையில் என் சொல்லை அவனுக்கும் அவன் சொல்லை எனக்கும் கொண்டு சேர்த்து வந்தாள். அவள் போன பிறகு அந்தத் தூது நின்றுபோயிற்று. மாதம் ஒரு முறை வருவான், மருந்து இருக்கிறதா என்று கேட்பான், சற்று நேரத்தில் கைக்கடிகாரத்தைப் பார்ப்பான், புறப்பட்டுவிடுவான்.

சென்ற கோடை விடுமுறையில் அவனிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. என் பேரனுக்குப் பத்து வயது. மிகுந்த கூச்ச சுபாவம் உடையவன். பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை. குதிரையோடு பழகினால் தைரியம் வரும் என்று யாரோ யோசனை சொன்னார்களாம். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய சவுக்குத் தோப்பு ஒன்றில் சிறிய லாயம் இருக்கிறது. "மூன்று வாரம் உங்களிடம் விடுகிறேன் அப்பா. காலையில் அங்கே அழைத்துக்கொண்டு போக முடியுமா?" என்று கேட்டான். பல ஆண்டுகளில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. உடனே சம்மதித்தேன்.

விடியற்காலைப் பேருந்தில் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்வோம். அங்கிருந்து வேறொரு பேருந்தில் லாயத்துக்குப் போவோம். திருக்கழுக்குன்றத்தில் வேதமலை கண்ணில் பட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்வது என் வழக்கம். முதல் நாள் அவ்விடத்தில் பேரனுக்கு மாணிக்கவாசகர் வரலாற்றைச் சொன்னேன். பாண்டியனின் அமைச்சராயிருந்த வாதவூரர் குதிரை வாங்கப் பொன்னோடு புறப்பட்டதையும், திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருநாதரைக் கண்டு ஆட்பட்டதையும், அந்தப் பொன் முழுவதும் ஆலயத் திருப்பணிக்குப் போனதையும், ஈசன் நரிகளைப் பரிகளாக்கித் தாமே ஓட்டி வந்ததையும் கூறினேன். அந்த மணிவாசகப் பெருமான் இந்தத் திருக்கழுக்குன்றத்துக்கும் வந்து பதிகம் பாடியிருக்கிறார் என்றேன்.

பேரன் நெடுநேரம் யோசித்தான். "ராத்திரி எல்லாம் மறுபடியும் நரியாயிடுச்சே தாத்தா, லாயத்திலே முன்னாடியே இருந்த பழைய குதிரைங்க என்ன ஆச்சு? நரி கடிச்சிருக்குமே, பாவம்" என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பாண்டியனையும் அமைச்சரையும் ஈசனின் கருணையையும் எத்தனையோ முறை எண்ணி உருகியவன் நான். குதிரையின் பக்கமிருந்து ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

பாண்டிய நாட்டுக் குதிரை வாணிபம் புராணத்தில் மட்டும் வருவதன்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பகுதிக்கு வந்த வெனிஸ் நகர யாத்திரிகர் மார்க்கோ போலோ அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகளைக் கடல் கடந்து வரவழைத்துப் பெரும் பொருள் கொடுத்து வாங்கினார்கள் என்றும், பராமரிக்கும் முறை அறிந்தவர் இல்லாமையால் அவற்றுள் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மாண்டுபோயின என்றும் அவர் கூறுகிறார். பொன்னால் குதிரையை வாங்கலாம். அதோடு பழகும் வகையை வாங்க இயலாது. வங்கிக்காரனாகிய எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

லாயத்தில் ஆறு குதிரைகள் இருந்தன. பேரனுக்கு ஒதுக்கப்பட்டது ராணி என்னும் செம்பழுப்பு நிறப் பெண் குதிரை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் அவற்றைப் பராமரித்து வந்தார். முன்பு மாமல்லபுரம் கடற்கரை மணலில் சுற்றுலாப் பயணிகளைக் குதிரையில் ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைத்தவராம்.

நான் வழக்கம்போல் விறுவிறுவென்று நேரே நடந்தேன். "என்ன ராணி, எங்கள் பையனை ஒழுங்காகச் சுமப்பாயா?" என்று உரத்த குரலில் கேட்டபடி, நெற்றியில் தட்டிக்கொடுக்கக் கையை உயர்த்தினேன். ராணி தலையை மேலே வீசி, காதுகளைப் பின்னுக்கு மடக்கி, மூன்று அடி பின்வாங்கியது. என் பேரனோ ஓசையின்றி அதன் தோளருகே போய் நின்றான். அது கழுத்தை வளைத்து அவன் சட்டையை முகர்ந்து பார்த்தது.

எனக்குச் சற்று அவமானமாக இருந்தது. "முரட்டுக் குதிரையோ தம்பி?" என்றேன்.

"முரடு இல்லீங்க ஐயா, பயம். நீங்க வாயால நல்லபடியாத்தான் பேசினீங்க. ஆனா உங்க உடம்பு சண்டைக்கு வர்ற மாதிரி வந்துச்சு. இது வாயைக் கேக்காது, உடம்பைத்தான் கேக்கும்" என்றார் அவர்.

அன்று முழுவதும் அந்த வாக்கியம் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. 1980-களில் நான் கிராமக் கிளை ஒன்றில் அதிகாரியாக இருந்தபோது, ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின் கீழ்க் கறவை மாட்டுக் கடன்கள் வழங்கினோம். கடன் கொடுத்த பின் மாடு இருக்கிறதா என்று நேரில் சென்று பார்த்து வர வேண்டும். நான் சென்றாலே மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு விலகும். காதில் அடித்திருக்கும் காப்பீட்டு வில்லையின் எண்ணைப் படிக்க வேண்டும் என்பதே என் கவலை. மாட்டுக்காரர் தலையைப் பிடித்துக்கொள்வார். நான் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். நூற்றுக்கணக்கான காதுகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாட்டின் கண்ணையாவது பார்த்ததாக நினைவில்லை.

மறுநாள் நானே அவரிடம், "எப்படித்தான் கிட்டே போவது என்று எனக்கும் சொல்லிக்கொடுங்கள் தம்பி" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சம்மதித்தார். அவர் சொன்னவற்றை என் மொழியில் தொகுத்துத் தருகிறேன்.

குதிரை புல் தின்னும் பிராணி. காட்டில் அதற்குக் கொம்பும் இல்லை, கோரைப் பல்லின் பலமும் இல்லை. ஆபத்தை முன்னதாக உணர்ந்து ஓடுவதொன்றே அது பிழைக்கும் வழி. ஆகவே எதிரே வருபவன் பசியோடு வருகிறானா, கோபத்தோடு வருகிறானா, சும்மா வருகிறானா என்பதை அவன் நடையிலும் தோளிலும் மூச்சிலும் கண்டறியும் திறனை ஆண்டவன் அதற்குக் கொடுத்திருக்கிறான். அதன் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் ஏறக்குறைய எல்லாத் திசையும் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னே சிறிதளவு இடமும், வாலுக்கு நேர் பின்னே உள்ள இடமும் மட்டும் தெரியா. நாம் அன்போடு நெற்றியைத் தொடப் போகிறோம். நீட்டிய கை அதன் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. அது அஞ்சுவதில் வியப்பென்ன?

எனவே நேர் எதிரே செல்லாமல், பக்கவாட்டில் சற்று வளைந்து, தோளை நோக்கி நடக்க வேண்டும். அதன் கண்ணையே உற்றுப் பார்த்தல் கூடாது. காதுகளைக் கவனிக்க வேண்டும். இரு காதுகளும் தனித்தனியே திரும்பும். அதன் எண்ணம் எங்கே இருக்கிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். அது தலையைத் தூக்கினாலோ உடல் இறுகினாலோ உடனே நின்றுவிட வேண்டும். வேண்டுமாயின் ஓரடி பின்னே செல்ல வேண்டும். நாம் விலகிக் கொடுக்கிறோம் என்று கண்டால்தான் அதற்கு நம் மீது நம்பிக்கை பிறக்கும். பிறகு புறங்கையைத் தாழ நீட்டி, அது முகர்ந்து பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். அது அனுமதித்த பின் கழுத்திலும் பிடரியின் அடியிலும் மெல்லத் தடவலாம். தட்டுவதைவிடத் தடவுவதே அதற்கு இதம்.

இவையெல்லாம் குதிரையைப் பற்றியவை. கடினமான பகுதி என்னைப் பற்றியது. "பத்தடி தள்ளி நில்லுங்க ஐயா. முதல்ல உங்களைப் பாருங்க" என்றார். உள்ளங்கால் தரையில் படிந்திருக்கிறதா? முழங்கால் விறைப்பாக இருக்கிறதா? தோள் காதை நோக்கி ஏறியிருக்கிறதா? மூச்சு நெஞ்சிலேயே நிற்கிறதா, வயிறு வரை இறங்குகிறதா? இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே ஐயா, ஏன்?" என்றார்.

உண்மைதான். தாடை இறுகிக் கிடந்தது. கோபம் ஏதும் இல்லாத, கடற்காற்று வீசும் அந்தக் காலை வேளையிலும் என் பற்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. எத்தனை ஆண்டுகளாக அப்படியோ தெரியவில்லை. மூச்சை நீளமாக வெளியே விட்டேன். தாடையைத் தளர்த்தினேன். தோள்கள் தாமாகவே இறங்கின. பத்தடி தூரத்தில் நின்றிருந்த ராணியின் ஒரு காது என் பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், கிட்டே வரவில்லை. ஆனால் அந்த ஒரு காது திரும்பியதில் எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஐந்தாம் நாள் நடந்ததை எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் அதை விட்டுவிட்டால் இந்தக் கட்டுரைக்கே பொருள் இல்லை. பேரன் தூரிகையால் ராணியின் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ராணியின் முகத்தருகே ஓர் ஈ பறந்தது. அதை விரட்டுவதற்காக நான் சடக்கென்று கையை ஓங்கினேன். ராணி தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடியது. இமை துடித்தது.

அந்த இமைத் துடிப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன். என் மகனுக்கு அப்போது பத்து வயது. வெளியூர்க் கிளையிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் வீடு திரும்புவேன். ஒரு முறை அரையாண்டுத் தேர்வில் கணக்கில் 52 மதிப்பெண் வாங்கியிருந்தான். மர அடிகோலை எடுத்தேன். அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினான். அது ஒரு முறையோடு நிற்கவும் இல்லை. அவன் நன்மைக்காகவே அடித்தேன் என்று அன்றும் சொன்னேன், பிறகும் சொல்லிவந்தேன். வாயால் சொன்னது அதுதான். கை சொன்னது வேறு.

என் மனைவி ஒரு நாள் சொன்னதும் நினைவுக்கு வந்தது. "நீங்கள் படியேறும்போது செருப்புச் சத்தத்தை வைத்தே இன்றைக்கு அப்பா எப்படி இருக்கிறார் என்று பிள்ளை சொல்லிவிடுகிறான்" என்றாள். அப்போது அதைப் பிள்ளையின் புத்திசாலித்தனம் என்று எண்ணிப் பெருமைப்பட்டேன். உள்ளே அவன் எத்தனை அச்சத்தோடு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பது அந்தச் சவுக்குத் தோப்பில்தான் எனக்குப் புரிந்தது. கண்ணீரைப் பேரன் பார்க்காதபடி துடைத்துக்கொண்டேன்.

உடல் பேசுவதைக் குதிரை கேட்கிறது என்பது வெறும் நம்பிக்கையன்று. ஆராய்ந்து அறியப்பட்ட செய்தி. 1904-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்ற குதிரை உலகப் புகழ் பெற்றிருந்தது. அதன் உரிமையாளர் ஒரு பள்ளி ஆசிரியர். கூட்டல், கழித்தல் கணக்குக் கேட்டால் விடையைக் குளம்பால் தட்டிக் காட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் நுணுகிச் சோதித்து 1907-இல் உண்மையைக் கண்டார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தம்மை அறியாமல் மயிரிழை அளவு அசையும். அதைப் பார்த்துக் குதிரை தட்டுவதை நிறுத்திவிடும். கேட்டவருக்கே விடை தெரியாதபோது குதிரையும் தவறியது.

ஸ்வீடன் நாட்டில் 2009-இல் வெளியான ஆய்வு இன்னும் ஆழமானது. சிலரைக் குதிரையோடு ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பலமுறை நடக்கச் செய்தார்கள். கடைசி முறை நடக்கும் முன், "இப்போது வழியில் ஒரு குடை திடீரென்று விரிக்கப்படும், குதிரை மிரளலாம்" என்று அவர்களிடம் சொன்னார்கள். குடை விரிக்கப்படவே இல்லை. ஆனால் நடத்திச் சென்றவரின் இதயத் துடிப்பு உயர்ந்தது. எதுவும் அறியாத குதிரையின் இதயத் துடிப்பும் கூடவே உயர்ந்தது. வராத குடைக்காக நாம் படும் கலக்கம், நம்மோடு வருகிறவரையும் பற்றிக்கொள்கிறது. வீட்டுப் பெரியவர்களாகிய நாம் சிந்திக்க வேண்டிய செய்தி அல்லவா இது!

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். திருநள்ளாற்றுத் தலவரலாற்றில் நாம் போற்றும் நளமகராஜன் 'அசுவ ஹிருதயம்' என்னும் வித்தை அறிந்தவன். பெயரைப் பாருங்கள்: குதிரையின் இதயம். சாட்டையின் வித்தை என்று அதற்குப் பெயரிடவில்லை. கடோபநிஷதமோ இந்த உடலையே தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. உள்ளே ஓடும் ஐந்து குதிரைகளை அடக்காதவன் வெளியே நிற்கும் ஒரு குதிரையை எப்படி அமைதிப்படுத்துவான் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக என் நெஞ்சைத் தொட்டது வியாச பாரதத்தின் துரோண பருவத்தில் வரும் காட்சி. ஜயத்ரதனை மாலைக்குள் கொல்ல வேண்டிய அந்த நாளில், போரின் நடுவே அர்ஜுனனின் குதிரைகள் அம்புபட்டுக் களைத்துப்போகின்றன. ஒவ்வொரு கணமும் விலைமதிப்பற்ற அவ்வேளையில் தேர் நிறுத்தப்படுகிறது. அர்ஜுனன் அம்பினால் நிலத்தைப் பிளந்து நீர்நிலை உண்டாக்குகிறான். கண்ணபிரான் குதிரைகளை அவிழ்த்து, உடலில் தைத்த அம்புகளைப் பிடுங்கி, தம் திருக்கரங்களால் உடம்பைத் தேய்த்துவிட்டு, நீர் காட்டி, புல் ஊட்டி, இளைப்பாறச் செய்து மீண்டும் பூட்டுகிறார். சுற்றிலும் பகைவர் அம்பு மாரி பொழிகிறார்கள். அவர் கை நடுங்கியிருந்தால் அந்தக் குதிரைகள் நின்றிருக்குமா? திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதிப் பெருமாளைச் சேவிக்கும்போதெல்லாம் கீதை உபதேசித்த ஆசாரியனையே நினைப்பேன். குதிரைக்குப் புண் துடைத்த கையையும் இப்போது நினைக்கிறேன்.

வகுப்பு முடிந்து திரும்புகையில் மாமல்லபுரத்தில் அடுத்த பேருந்துக்காகக் காத்திருக்க நேரும். அந்த நேரத்தில் ஸ்தலசயனப் பெருமாளைச் சேவித்துவிட்டு, அருகிலுள்ள கிருஷ்ண மண்டபத்துக்குப் பேரனை அழைத்துச் செல்வேன். கோவர்த்தன கிரியைத் தாங்கி நிற்கும் கண்ணனின் அருகே, ஓர் இடையர் குந்தி அமர்ந்து பசுவைக் கறக்கும் சிற்பம் இருக்கிறது. பசு தலையைத் திருப்பித் தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கிறது. எத்தனையோ முறை பார்த்த சிற்பம்தான். இப்போது அந்த இடையரின் தோள்களைக் கவனித்தேன். அவற்றில் அவசரம் இல்லை. அவர் மேல் அச்சம் இல்லாததால்தான் பசு அவரை மறந்து கன்றை நக்குகிறது.

ஸ்தலசயனப் பெருமாளின் சந்நிதியிலும் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. புண்டரீக மகரிஷிக்காகப் பாம்பணையையும் துறந்து வெறுந்தரையில் சயனித்த பெருமாள் அவர். சர்வ லோகத்துக்கும் அதிபதியானவனே பக்தனுக்காகத் தரைக்கு இறங்கி வந்திருக்கிறான். ஒரு கிளை மேலாளராக இருந்தவன் தன் நாற்காலியிலிருந்து இறங்கி வர இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மேலும் ஒன்றைக் கவனித்தேன். சந்நிதியில் வாய் நாமத்தைச் சொல்கிறது, கை கூப்பியிருக்கிறது, ஆனால் உடம்பு அடுத்த பேருந்தைப் பிடிக்க முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது, தாடை இறுகியிருக்கிறது. ராணியிடம் இப்படிப் போய் நின்றால் பின்வாங்கிவிடும். பெருமாள் கருணாமூர்த்தி, பின்வாங்குவதில்லை. அதனாலேயே என் குறை எனக்குத் தெரியாமல் போயிற்று. அன்று முதல் சந்நிதிக்குள் நுழையுமுன் கொடிமரத்தடியில் ஒரு கணம் நின்று, உள்ளங்காலைத் தரையில் ஊன்றி, மூச்சை நீள விட்டு, தோளைத் தளர்த்தி, பிறகே உள்ளே செல்கிறேன். மனமும் வாக்கும் காயமும் ஒன்றாக நிற்பது எப்படி என்று அப்போதுதான் சிறிதளவு தெரிகிறது.

பதினான்காம் நாள் காலை. லாயத்தின் வேலிக்குள் ஒரு ஓரமாக நின்றிருந்தேன். கையில் கொள்ளும் இல்லை, வெல்லமும் இல்லை. ராணியை நான் கூப்பிடவும் இல்லை. மூச்சை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அது தலையைத் தாழ்த்தி, வாயை மென்றுகொண்டே, ஒவ்வோர் அடியாக வந்தது. என் புறங்கையை முகர்ந்தது. பிறகு என் தோளருகே தலையை வைத்துக்கொண்டு நின்றது. அதன் மூச்சு வெதுவெதுப்பாக என் கழுத்தில் பட்டது. "அப்பா இனிமே அவளுக்கு அந்நியம் இல்லீங்க" என்றார் அந்தத் தம்பி. ஐயா என்று அழைத்தவர் அன்று அப்பா என்றார்.

மூன்று வாரம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை என் மகன் காரில் லாயத்துக்கே வந்தான். பேரன் ராணியின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு சுற்று வந்து காட்டினான். கீழே இறங்கியதும் ராணியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினான். மகன் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். அங்கிருந்து மூவரும் திருவிடந்தைக்குச் சென்றோம். நித்திய கல்யாணப் பெருமாள் வராகத் திருமுகத்தோடு பிராட்டியைத் தாங்கி நிற்கும் திருக்கோலம் அன்பர்கள் அறிந்ததே. காலவ மகரிஷியின் 360 பெண்களையும் நாளுக்கொருவராக மணந்து, அனைவரையும் ஒரே பிராட்டியாக்கி இடப்பக்கத்தில் ஏற்றுக்கொண்டவர். பிரிந்தவற்றை ஒன்றாக்குகிறவர்.

தரிசனம் முடிந்து மண்டபத்தில் அமர்ந்தோம். பேரன் சற்றுத் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தான். நான் மகனுக்கு நேர் எதிரே உட்காராமல் பக்கத்தில் அமர்ந்தேன். மூச்சை ஒரு முறை நீள விட்டேன். "சின்ன வயதில் உன்னை அடித்தது தவறுடா. உன் நன்மைக்கு என்று சொன்னதும் பொய். என் கோபத்துக்காகத்தான் அடித்தேன்" என்றேன். வேறு விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று நாக்குத் துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

அவன் நெடுநேரம் பேசவில்லை. தூணையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் பேசாமல் இருந்தேன். முன்பாக இருந்தால் அந்த மௌனத்தை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்திராது. பதில் சொல் என்று அதட்டியிருப்பேன். காத்திருப்பதை ராணி எனக்குப் பழக்கியிருந்தது. கடைசியில் எழுந்து, "பஸ் வேண்டாம்ப்பா. வீட்டுக்குக் கொண்டுபோய் விடுகிறேன்" என்றான்.

அன்று செங்கல்பட்டு வீட்டுக்கு வந்தவன் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் வைத்த ரசத்தைச் சாப்பிட்டான். உப்பு அதிகம் என்றான். இரவு கூடத்தில் பாய் விரித்துப் படுத்து, பேரனுக்கு அருகே உறங்கிவிட்டான். அவன் அந்த வீட்டில் இரவு தங்கியது, அவன் தாயாரின் காரியங்களுக்குப் பிறகு அதுவே முதல் முறை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். முப்பது ஆண்டு அச்சம் மூன்று வாரத்தில் போகாது. இப்போது வாரம் ஒரு நாள் அவனாகவே தொலைபேசியில் பேசுகிறான். சில நாள் இரண்டு நிமிடம், சில நாள் இருபது நிமிடம். நேற்று நம்பிய குதிரையிடமும் இன்று மீண்டும் பக்கவாட்டில், மெல்ல, புறங்கையைத் தாழ நீட்டித்தான் செல்ல வேண்டும் என்று அந்தத் தம்பி சொல்லியிருக்கிறார். நான் இப்போதும் மாதம் இரு முறை திருக்கழுக்குன்றம் வழியாக அந்தப் பேருந்தில் போய், ராணியின் தோளருகே சற்று நேரம் நின்றுவிட்டு வருகிறேன்.

என் வயதையொத்த அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். குதிரை ஏற வேண்டியதில்லை. லாயத்துக்குப் போகவும் வேண்டியதில்லை. இன்று மாலை விளக்கேற்றும் முன் ஒரு கணம் நின்று, நம் தோளும் தாடையும் கையும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள். வீட்டிலுள்ளவர்கள் அதைத்தான் இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேர்த்தட்டில் தாழ அமர்ந்து குதிரைகளைப் பேணிய பார்த்தசாரதி, நம் மூன்று கரணங்களையும் ஒரே கடிவாளத்தில் பிடித்து நடத்தி அருள்வானாக.